துணைவேந்தர் நாற்காலி காலியாக இருக்கும்போது பிஎச்.டி. முடிப்பது எப்படி

தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் துணைவேந்தரின் பதவிக்காலம் மூன்று ஆண்டு. பிஎச்.டி.க்குக் கிடைக்கும் காலம் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகம் ஆறு ஆண்டு. அதனால் பதிவு செய்த அன்று யார் துணைவேந்தராக இருந்தாரோ அவர் கையெழுத்தோடு பட்டமும் வாங்கி வெளியே வருபவர்கள் குறைவு. ஒரு மாற்றத்தையாவது எல்லோரும் பார்க்கிறோம். கடந்த சில ஆண்டுகளில் படித்த எங்கள் தலைமுறை பார்த்தது வேறு மாதிரி. இருந்தவர் போனார், அடுத்தவர் வரவே இல்லை.

நான் விலங்கியல் ஆய்வாளர். ஆறுகளிலும் வாய்க்கால்களிலும் வாழும் நன்னீர் நத்தைகள் என் ஆய்வுப் பொருள். ஆய்வேட்டை, அதாவது தீசிஸைச் சமர்ப்பித்த ஐந்தாம் மாதம் எங்கள் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தது. சமர்ப்பித்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மதிப்பீடு முழுவதும் முடிய வழிசெய்ய வேண்டும் என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி சொல்கிறது. எனக்கு வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, நடக்க இருபது மாதம் ஆனது. மகளுக்கு அப்போது மூன்று வயது. உதவித்தொகை நின்றுபோயிருந்தது. ஒரு தனியார் கல்லூரியில் மாதம் பதினைந்தாயிரத்துக்கு வகுப்பெடுத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை மதியம் பஸ் பிடித்துப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் போய் வந்தேன்.

அந்த இருபது மாதத்தில் ஏழு மாதத்தையாவது மிச்சம் பிடித்திருக்கலாம். எந்தக் காகிதம் யார் மேசைக்குப் போகும் என்று முன்பே தெரிந்திருந்தால் போதும். இப்போது ஆய்வில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு அந்த ஏழு மாதம் வீணாகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், இது எவ்வளவு நாள் இழுக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

"அடுத்த மாசம் வி.சி. வந்துடுவார், வந்ததும் எல்லா ஃபைலும் கிளியர் ஆயிடும்." ஆய்வுப் பிரிவில் இந்தப் பேச்சை நான் ஒன்றரை வருடம் கேட்டேன். சொன்னவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை, அவர்களும் அதை நம்பினார்கள். நாற்காலி ஏன் காலியாக இருக்கிறது என்ற கதை தெரிந்திருந்தால் நான் அதை நம்பி உட்கார்ந்திருக்க மாட்டேன்.

கதை இதுதான். துணைவேந்தரைத் தேர்ந்தெடுக்க ஒரு தேடுதல் குழு அமைக்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகச் சட்டப்படி அதில் மூன்று பேர். வேந்தரான ஆளுநரின் சார்பில் ஒருவர், சிண்டிகேட் (ஆட்சிக்குழு) சார்பில் ஒருவர், செனட் (பேரவை) சார்பில் ஒருவர். குழு பெயர்களைப் பரிந்துரைக்கும், வேந்தர் ஒருவரை நியமிப்பார். ஆனால் யுஜிசியின் 2018 விதிமுறை, யுஜிசி தலைவர் நியமிக்கும் ஒருவரும் குழுவில் இருக்க வேண்டும் என்கிறது. 2023 செப்டம்பரில் அப்போதைய ஆளுநர் ஆர்.என்.ரவி, சென்னை, பாரதியார், ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகங்களுக்கு யுஜிசி பிரதிநிதியையும் சேர்த்து நான்கு பேர் குழுக்களை அறிவித்தார். அரசு அந்த நான்காவது ஆளை விட்டுவிட்டு அறிவிக்கை வெளியிட்டது. அங்கேயே நின்றது. பாரதியாரில் 2022 அக்டோபரிலும், சென்னையில் 2023 ஆகஸ்டிலும், அண்ணா பல்கலைக்கழகத்தில் 2024 ஆகஸ்டிலும் துணைவேந்தர்களின் காலம் முடிந்து நாற்காலி காலியானது.

இதற்கு இணையாகச் சட்டமன்றத்தில் இன்னொன்று நடந்தது. துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரத்தை அரசுக்கே மாற்றும் மசோதா 2022 ஏப்ரலில் நிறைவேறியது. அதுபோன்ற மசோதாக்கள் உட்பட 10 மசோதாக்களை ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023 நவம்பர் 18 அன்று சிறப்புக் கூட்டம் கூட்டி மறுபடி நிறைவேற்றினார்கள். அவர் அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம், அந்த 10 மசோதாக்களுக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கருத வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அன்று எங்கள் துறை மாடிப்படியில் ஸ்காலர்கள் இனிப்பு வாங்கிப் பங்கிட்டுக்கொண்டோம். மே 21 அன்று துணைவேந்தர் நியமனம் தொடர்பான பிரிவுகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. நவம்பர் 20 அன்று, குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்ன அரசியல் சாசன அமர்வு, இப்படி 'ஒப்புதல் கிடைத்ததாகக் கருதுவது' சரியல்ல என்றது.

யார் பக்கம் நியாயம் என்பதில் எனக்கும் ஒரு கருத்து உண்டு. அதை இங்கே எழுதி உங்கள் நேரத்தை எடுக்க விரும்பவில்லை. இந்த வழக்குகள் நடந்த காலம் முழுவதும் எங்கள் ஆறு ஆண்டுக் கணக்கு ஒரு நாள்கூட நிற்கவில்லை என்பது மட்டும் மனதை அறுக்கிறது. ஆகவே துணைவேந்தர் இப்போதைக்கு வர மாட்டார் என்றே வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். வந்துவிட்டால் நல்லது.

எந்தக் காகிதம் யார் மேசைக்குப் போகிறது

ஒரு தாள் எடுத்து, பட்டம் வாங்க இன்னும் என்னென்ன காகிதம் தேவை என்று வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, கடைசிக் கையெழுத்து யாருடையது என்று எழுதுங்கள். உங்கள் பல்கலைக்கழகத்தின் பிஎச்.டி. விதிமுறைப் புத்தகத்தில் பாதி இருக்கும். மீதியை ஆய்வுப் பிரிவில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலும் இப்படித்தான் பிரியும்.

ஆய்வு ஆலோசனைக் குழுக் கூட்டம் (எங்கள் பக்கம் இன்னும் டாக்டரல் கமிட்டி என்றுதான் சொல்கிறோம்), அரையாண்டு அறிக்கை, கோர்ஸ் ஒர்க், சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்) பிரசன்டேஷன், திருட்டு எழுத்துச் சோதனை, நூலகத்தின் நோ டியூஸ் (பாக்கி இல்லை என்ற சான்று) எல்லாம் துறைக்குள்ளேயே முடிபவை. நெறியாளர், துறைத் தலைவர், நூலகர், இவர்கள் போதும். நாற்காலி காலியாக இருந்தாலும் இவை நிற்கக் கூடாது. நின்றால் காரணம் வேறு.

தலைப்பு மாற்றம், நெறியாளர் மாற்றம், முழுநேரத்திலிருந்து பகுதிநேரத்துக்கு மாறுவது, காலநீட்டிப்பு, இவை துறையின் பரிந்துரையோடு மேலே போகும். சில இடங்களில் ஆய்வு இயக்குநரோ பதிவாளரோ முடித்துவிடுவார், சில இடங்களில் துணைவேந்தர் வரை போகும். இதைத் தெளிவாகக் கேட்டு வையுங்கள்.

அப்புறம் வருவதுதான் உண்மையான முடிச்சு, தீசிஸை மதிப்பிடும் தேர்வாளர் பட்டியல். நெறியாளர் ஒரு பட்டியல் தருவார். அதிலிருந்து யார் யாருக்கு அனுப்புவது என்று துணைவேந்தர் தேர்ந்தெடுப்பார். இது ரகசியக் கோப்பு, வேறு யாரும் தொட முடியாது. வைவாவுக்குப் பிறகு பட்டம் வழங்க ஒப்புதலும் அவரிடமே போகும். பிறகு சிண்டிகேட்டில் வைப்பார்கள். ஆக, ஒரு பிஎச்.டி.யின் கடைசிக் கட்டத்தில் குறைந்தது இரண்டு முறை அந்த ஒரு கையெழுத்து தேவை.

பதவிக்காலம் முடிவதற்கு முந்தைய ஆறு மாதம்

துணைவேந்தர் பதவியேற்ற தேதி செய்தித்தாளில் வந்திருக்கும். அதோடு மூன்று ஆண்டைக் கூட்டினால் முடியும் தேதி கிடைக்கும். அதிலிருந்து பின்னோக்கி ஆறு மாதத்தைக் காலண்டரில் குறித்து வையுங்கள். நீட்டிப்பு கிடைக்கும் என்று பேசிக்கொள்வார்கள், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

உங்கள் சினாப்சிஸ் தயாராக இருந்தால், அந்த ஆறு மாதம் தொடங்குவதற்கு முன்பே சமர்ப்பித்துவிடுங்கள். தேர்வாளர் பட்டியல் சினாப்சிஸோடு போகும் இடங்களில் இது பொன்னான வழி. தீசிஸ் பைண்டிங் ஆகிக்கொண்டிருக்கும்போதே பட்டியலில் கையெழுத்து விழுந்துவிடும். நான் ஒரு கட்டுரை வெளியாகட்டும் என்று நான்கு மாதம் காத்திருந்தேன். அந்தக் கட்டுரை என் தீசிஸில் ஒரு பக்கம்கூடக் கூட்டவில்லை. 2022 யுஜிசி விதிமுறையில் பிஎச்.டி.க்குக் கட்டுரை வெளியீடு கட்டாயம் என்ற நிபந்தனையே எடுக்கப்பட்டுவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் அதை இன்னும் வைத்திருக்கிறதா என்று பாருங்கள். வைத்திருந்தால் எத்தனை கட்டுரை என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதற்கு மேல் காத்திருக்க வேண்டாம்.

காலநீட்டிப்புத் தேவைப்படும் என்று தோன்றினால் ஆறாவது ஆண்டு முடியும்வரை பொறுக்காதீர்கள். விதிப்படி ஆறு ஆண்டுக்கு மேல் மறுபதிவு செய்து இரண்டு ஆண்டு வரை வாங்கலாம், பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் இரண்டு ஆண்டு உண்டு. பெண்கள் மொத்தக் காலத்தில் 240 நாள் வரை மகப்பேறு விடுப்போ குழந்தை பராமரிப்பு விடுப்போ எடுக்கலாம். நான் எடுத்தேன். விடுப்பு ஆணையின் நகலை என் கையில் வைத்திருந்ததால்தான் பின்னாளில் பிழைத்தேன். பிரிவில் புதிதாக வந்த ஊழியர் என் பதிவுக் காலம் முடிந்துவிட்டதாகக் கணக்குப் போட்டிருந்தார். ஆணையின் நகலைக் காட்டியதும் அரை மணி நேரத்தில் சரியானது. நகல் இல்லாமல் அசலைத் தேடச் சொல்லியிருந்தால் எத்தனை வாரம் ஆகியிருக்குமோ.

கன்வீனர் கமிட்டி காலத்தில்

துணைவேந்தர் போனதும் பல்கலைக்கழகத்தை நடத்த ஒரு குழு வரும். உயர்கல்வித் துறைச் செயலாளர் தலைமையில், சிண்டிகேட் உறுப்பினர்களும் சேர்ந்தது. கன்வீனர் கமிட்டி என்போம். துணைவேந்தர் போட வேண்டிய கையெழுத்துகளை அந்தக் கன்வீனர் போடுவார். அவர் இருப்பது சென்னைத் தலைமைச் செயலகத்தில். மாநிலம் முழுவதும் உள்ள கல்லூரிகளின் பொறுப்பு அவருடையது, அதோடு ஒன்றுக்கு மேற்பட்ட பல்கலைக்கழகங்களின் ஃபைலும் அவரிடம் வரலாம். அங்கே உங்கள் நத்தை ஃபைல் தானாக நகராது. அவரைக் குறை சொல்லியும் பயனில்லை.

என்னுடைய முதல் மூன்றரை மாதம் இங்கேதான் போனது. நெறியாளர் கொடுத்த பட்டியலில் ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டார், இன்னொருவர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். பழைய மின்னஞ்சல் முகவரிகள். மேலே போன ஃபைல், 'பட்டியலைப் புதுப்பித்து அனுப்பவும்' என்ற குறிப்போடு திரும்பியது. அந்தக் குறிப்பு எங்கள் துறைக்கு வரவே இல்லை. பிரிவில் ஒரு அலமாரியில், மற்ற ஃபைல்களுக்கு அடியில் இருந்தது. நானோ ஃபைல் சென்னையில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இருந்தேன்.

ஆகவே பட்டியல் போகும் முன்பே நெறியாளரிடம் இதைக் கேளுங்கள்: "சார், லிஸ்ட்ல இருக்கறவங்க எல்லாரும் இப்பவும் சர்வீஸ்ல இருக்காங்களா, மெயில் ஐடி சரியா இருக்கான்னு ஒரு தடவை பார்த்துடறீங்களா?" பெயர்களைக் கேட்காதீர்கள். ஆய்வாளருக்கு அது தெரியவே கூடாது, தெரிந்தால் உங்கள் வைவாவுக்கே கேடு. சரிபார்க்கும் வேலை நெறியாளருடையது, நினைவூட்டும் வேலை உங்களுடையது. வெளிநாட்டுத் தேர்வாளர்கள் இருந்தால், அவர்கள் இப்போது எந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்கள் என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, தனியாகப் போகாதீர்கள். இதில் எங்களுக்கு வழிகாட்டியவர் இயற்பியல் துறையின் ஒரு அக்கா. எங்களைப் போலத் தேங்கிப்போனவர்கள் பதினொரு பேர். ஒரே தாளில் எல்லோருடைய பெயர், பதிவு எண், தீசிஸ் சமர்ப்பித்த தேதி, ஃபைல் இப்போது இருக்கும் நிலை, எத்தனை மாதம் ஆயிற்று என்று ஐந்து நெடுவரிசையில் எழுதி, பதிவாளரைப் பார்த்துக் கொடுத்தோம். புகார் என்று ஒரு சொல் அதில் இல்லை. அடுத்த முறை சென்னைக்குப் போனபோது அவர் அந்தத் தாளைக் கையோடு எடுத்துப்போனார். பதினொன்றில் ஒன்பது பட்டியல்கள் ஒரே அமர்வில் கையெழுத்தாகி வந்தன. பதினொரு பேரும் பதினொரு நாள் தனித்தனியாகப் போய்க் கேட்டிருந்தால் இது நடந்திருக்காது. மேலே இருப்பவருக்குத் தேவைப்படுவது ஒரே பார்வையில் படிக்கக்கூடிய ஒரு தாள். அதை நாம்தான் தயாரித்துக் கொடுக்க வேண்டும்.

இந்தக் காலத்தில் பதிவாளரும் தேர்வாணையரும்கூடப் 'பொறுப்பு' என்ற அடைமொழியோடுதான் இருப்பார்கள். அவர்களுக்கும் தங்கள் கையெழுத்து எதுவரை செல்லும் என்ற தயக்கம் இருக்கும். உங்கள் கடிதத்தில் விதி எண்ணையும் தேதியையும் எழுதிக்கொடுத்தால் அவர்களுக்கே அது துணை. 'தாமதமாகிறது, தயவுசெய்து கவனிக்கவும்' என்று எழுதினால் அது ஃபைலில் போய்த் தூங்கும். 'யுஜிசி பிஎச்.டி. விதிமுறைப்படி சமர்ப்பித்த ஆறு மாதத்துக்குள் மதிப்பீடு முடிய வேண்டும், நான் சமர்ப்பித்து இன்றோடு பதினொரு மாதம்' என்று எழுதினால் அதற்கு யாராவது ஒரு குறிப்பு எழுதியே ஆக வேண்டும்.

உதவித்தொகை வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2023 ஜனவரி முதல் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) மாதம் 37,000, எஸ்ஆர்எஃப் (முதுநிலை ஆய்வு உதவித்தொகை) 42,000. ஆனால் மாதாமாதம் பல்கலைக்கழகம் உறுதிசெய்தால்தான் பணம் வரும். உறுதிசெய்யும் அலுவலர் மாறினால் புதியவரின் பெயரில் அனுமதி வரும்வரை எல்லோருடைய பணமும் நிற்கும். என் லேபில் இருந்த தம்பிக்கு மூன்று மாதம் நின்றது. மெஸ் பில் கட்ட அவன் தன் அக்காவின் தோட்டை அடகு வைத்தான். அலுவலர் மாறப்போகிறார் என்று தெரிந்த அன்றே, அடுத்து யார் உறுதிசெய்வார் என்று பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். இரண்டு ஆண்டு முடிந்து எஸ்ஆர்எஃப்புக்கு மாறும் மதிப்பீட்டுக் கூட்டத்தையும் முன்கூட்டியே நடத்தச் சொல்லிக் கேளுங்கள்.

ஃபைலைப் பின்தொடர்வது

கையில் கொடுத்த கடிதம், கொடுக்காத கடிதம் மாதிரிதான். ஒரு நினைவூட்டல் கடிதத்தை நான் நேரில் ஒருவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அவர் இடமாற்றமாகிப் போனார், கடிதமும் போனது. இரண்டு மாதம் கழித்துக் கேட்டபோது அப்படி ஒன்று வந்ததாகப் பதிவே இல்லை. எந்தக் கடிதமானாலும் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் வரவு எண்ணோடு இன்வர்ட் சீலும் தேதியும் வாங்குங்கள். அந்த எண்தான் இனி உங்கள் கடிதத்தின் பெயர். பிரிவில் போய், "என் ஃபைல் என்னாச்சு?" என்று கேட்காமல், "இந்த நம்பர் லெட்டர் எந்த சீட்ல இருக்கு மேடம்?" என்று கேளுங்கள். பதில் வேறு மாதிரி வரும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். போன தேதி, பார்த்தவர், அவர் சொன்னது, அடுத்து எப்போது வரச் சொன்னார், இவ்வளவு போதும். பிரிவு ஊழியர்களிடம் மரியாதையாக இருங்கள். நான்கு பேர் வேலையை ஒருவர் பார்க்கும் மேசைகள் அங்கே உண்டு. எனக்கு உண்மையில் உதவியவர்கள் அவர்கள்தான். அலமாரியில் இருந்த என் ஃபைலைக் கண்டெடுத்தவரும் மூன்று மாதமாகச் சரியாகச் சம்பளம் வராத ஒரு தற்காலிக ஊழியர்.

இத்தனைக்குப் பிறகும் நகரவில்லை என்றால் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்கிறது. யுஜிசியின் 2023 விதிமுறைப்படி ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் அது இருக்க வேண்டும், 15 வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் ஒம்புட்ஸ்பெர்சன் என்ற குறைகேட்பு அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். அவருக்கு 30 நாள். உங்கள் பல்கலைக்கழகத்தில் அவர் யார் என்று இணையதளத்தில் தேடுங்கள், பெயர் இல்லையென்றால் பதிவாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

அதற்கு அடுத்தது தகவல் உரிமைச் சட்டம் (ஆர்டிஐ). நான் போட்டேன். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய ஒரு மனு. இதில் பலர் செய்யும் தவறு, 'என் தீசிஸ் ஏன் தாமதமாகிறது?' என்று கேட்பது. 'ஏன்' என்பதற்குப் பதில் தர அவர்களுக்குக் கடமை இல்லை. இருக்கும் ஆவணத்தைத்தான் கேட்க முடியும். இப்படிக் கேளுங்கள்: இந்த எண்ணுள்ள கோப்பு இன்றைய தேதியில் எந்த அலுவலரிடம் உள்ளது? எந்தத் தேதியில் அவரிடம் வந்தது? இதற்கு முன் எந்தெந்த மேசையில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தது? தேர்வாளர் பெயர்கள் நீங்கலாக, கோப்புக் குறிப்புகளின் நகல். 'தேர்வாளர் பெயர்கள் நீங்கலாக' என்பதை மறக்காமல் எழுதுங்கள், இல்லையென்றால் ரகசியக் கோப்பு என்று மொத்தமாக மறுத்துவிடுவார்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

உள்ளே இருந்துகொண்டே ஆர்டிஐ போட்டால் பகை வளராதா என்று என் நெறியாளரே பயந்தார். மனு கிடைத்த ஐந்தாம் நாள் பிரிவிலிருந்து ஒருவர் போன் செய்தார். "ஏம்மா, நேர்ல வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்போமே." நான் நோட்டைப் பார்த்து, நேரில் வந்து கேட்ட நான்கு தேதிகளையும் அமைதியாகப் படித்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரிம்மா, திங்கக்கிழமை வாங்க" என்றார். திங்கட்கிழமை ஃபைல் மேசை மேல் இருந்தது. எந்தப் பகையும் வரவில்லை.

புதியவர் வந்துவிட்டால்

முதல் மாதம் வாழ்த்து, பூங்கொத்து, ஆய்வுக் கூட்டங்கள். அதன் பிறகு பொறுப்பில் இருந்த பதிவாளர், தேர்வாணையர், ஆய்வு இயக்குநர் எல்லோரும் மாறுவார்கள். புதிய சுற்றறிக்கைகள் வரும். கட்டணம் மாறும், தீசிஸ் வடிவம் மாறும், திருட்டு எழுத்துச் சோதனையில் வரும் ஒப்புமைச் சதவீதத்தின் வரம்பு மாறும். யுஜிசியின் 2018 திருட்டு எழுத்துத் தடுப்பு விதிமுறைப்படி 10 சதவீதம் வரை ஒப்புமைக்குத் தண்டனை இல்லை, ஆனால் அதைவிடக் கடுமையாக வைத்துக்கொள்ளும் இடங்களும் உண்டு.

எந்தச் சுற்றறிக்கை வந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது, 'எந்தத் தேதிக்குப் பிறகு பதிவு செய்தவர்களுக்கு' என்ற வரி. அது இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள். 2022 நவம்பர் 7 அன்று வந்த யுஜிசி விதிமுறையே, அதற்கு முன் பதிவு செய்தவர்கள் பழைய விதிமுறைப்படிதான் என்று சொல்கிறது. அதனால் நீங்கள் பதிவு செய்த நாளில் நடைமுறையில் இருந்த விதிப் புத்தகத்தை முழுதாகத் தரவிறக்கி வையுங்கள். இணையதளத்தில் புதியதை ஏற்றியதும் பழையதை எடுத்துவிடுவார்கள்.

புதிய துணைவேந்தரைச் சந்திக்க ஸ்காலர்களாகப் போகிறீர்கள் என்றால், அந்த ஒரு பக்கத் தாளை மறுபடி தயாரித்துக்கொண்டு போங்கள். மொத்தக் கோரிக்கைகளையும் முதல் நாளே கொட்ட வேண்டாம். தேங்கிய தேர்வாளர் பட்டியல்கள் மட்டும் போதும். ஹாஸ்டல் தண்ணீர் அடுத்த முறை.

பட்டத்தில் யார் கையெழுத்து

வைவா முடிந்ததும் புரொவிஷனல், அதாவது தற்காலிகச் சான்றிதழ் கேளுங்கள். பட்டமளிப்பு விழாவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. யுஜிசி விதிமுறைகளின்படி பிஎச்.டி. வழங்கப்படுகிறது என்று அதில் ஒரு வரி இருக்க வேண்டும். ஆசிரியர் தேர்வு வாரியத்துக்கு விண்ணப்பிக்கும்போது அந்த வரியைத்தான் தேடுவார்கள். 2024 மார்ச்சில் அரசுக் கல்லூரிகளில் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தபோது, தீசிஸ் கொடுத்துவிட்டு வைவா நடக்காமல் இருந்த எத்தனையோ பேர் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம்.

பட்டம், தகுதி பெற்ற 180 நாளுக்குள் வழங்கப்பட வேண்டும் என்பது யுஜிசியின் 2008 விதிமுறை. நடைமுறையில் விழாத் தேதி வேந்தரின் வருகையைப் பொறுத்தது. 2023 ஜூனில் அப்போதைய உயர்கல்வி அமைச்சர் பொன்முடி, விழாக்கள் நடக்காததால் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பட்டத்துக்குக் காத்திருக்கிறார்கள் என்று சொன்னார். வெளிநாட்டுக்கு விண்ணப்பிப்பவர்கள் அதற்குள் டிரான்ஸ்கிரிப்டும் புரொவிஷனலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கன்வீனர் கையெழுத்திட்ட பட்டம் செல்லுமா என்று தங்கைகள் என்னிடம் கேட்கிறார்கள். செல்லும். துணைவேந்தர் இல்லாத காலத்தில் அவருடைய அதிகாரம் முறைப்படி அந்தக் குழுவிடம் ஒப்படைக்கப்படுகிறது. ஒருவரின் நியமனமே பின்னாளில் செல்லாது என்று ஆனாலும், பதவியில் இருந்தபோது அவர் செய்தவை செல்லும் என்பது உச்ச நீதிமன்றம் 1981-லேயே ஏற்றுக்கொண்ட கொள்கை. ஆனாலும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகமோ நிறுவனமோ 'வைஸ் சான்சலர்' என்ற சொல்லைத் தேடும். அதற்காக, குழு அமைக்கப்பட்ட ஆணையின் நகல் ஒன்றை வாங்கிச் சான்றிதழோடு வைத்திருங்கள். என் தோழி ஒருத்தி ஜெர்மனியில் போஸ்ட்டாக் சேரும்போது அதைத்தான் ஸ்கேன் செய்து அனுப்பினாள், மறுகேள்வி வரவில்லை.

கடைசியாக, பட்டத்தைக் கவுன்டரில் வாங்கிய இடத்திலேயே நின்று பெயர், முன்னெழுத்து, தீசிஸ் தலைப்பு, வைவா தேதி, நான்கையும் இரண்டு மொழியிலும் படியுங்கள். என்னுடையதில் 'நன்னீர்' என்பது 'நன்நீர்' என்று இருந்தது. அங்கேயே திருப்பிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்த ஊழியர் தன் நோட்டில் எழுதிக்கொண்டு, எனக்கு ஒரு எண் எழுதிக் கொடுத்தார். பத்து நாளில் புதியது தபாலில் வந்தது.